விரலில் குறையில்லை, கிடாரில் இருக்கலாம்

கிடார் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுவதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். "விரல் வலிக்குது", "எஃப் கார்டு வரவே மாட்டேங்குது" என்பார்கள். வீட்டில் "இவனுக்கு இசை வராது" என்று முடிவுகட்டி, கிடாரைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அதை இறக்கி, கம்பிக்கும் நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்கிறேன். கம்பி இருக்க வேண்டிய உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் நின்றால் பெரியவர்களுக்கே அதை அழுத்துவது கடினம். பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

மலிவான கிடார் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் வாசிக்கவே முடியாத ஒன்றைக் கிடார் என்று விற்பது வேறு. விற்பவர் சொன்ன தரத்துக்கும் கைக்கு வந்த பொருளுக்கும் இடையே உள்ள பிழையையும் போதாமையையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடு என்றே சொல்கிறது. ₹3,000 கிடாருக்கும் இது பொருந்தும். "இந்த விலைக்கு இவ்வளவுதான் சார் வரும்" என்ற பேச்சு அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

முதலில் அக்குஸ்டிக்கா எலக்ட்ரிக்கா என்ற கேள்வி. அக்குஸ்டிக்கில் கற்றுத்தான் எலக்ட்ரிக்குக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி ஊரெல்லாம் உலவுகிறது. அப்படி எந்த விதியும் கிடையாது. பிள்ளை எதைக் கேட்டு மயங்கியதோ அதை வாங்கிக் கொடுங்கள். 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தைக் கேட்டு ஆசைப்பட்டவருக்கு அக்குஸ்டிக். ராக் இசையில் கிறங்கியவருக்கு எலக்ட்ரிக். விரலுக்கு எலக்ட்ரிக்தான் மென்மை, அதன் கம்பிகள் மெல்லியவை. ஆனால் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் கேபிளும் சேர்ந்தால்தான் அதன் விலை முழுமையாகும். கிடாருக்கு மட்டும் பணத்தை ஒதுக்கிவிட்டு, ஆம்புக்கு மிஞ்சியதைக் கொண்டு எதையோ வாங்காதீர்கள். நைலான் கம்பி போட்ட கிளாசிகல் கிடார் மூன்றாவது வழி. அதில் ஸ்டீல் கம்பியை மாட்டினால் இழுவை தாங்காமல் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடலாம். எந்தக் கம்பிக்கு ஏற்ற கிடார் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

கடையில் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிடாரைச் சரியான சுருதிக்குக் கூட்டித் தரச் சொல்லுங்கள். எண்கள் புடைக்காத மூன்று ஏடிஎம் கார்டுகளை அடுக்கி, 12ஆவது ஃப்ரெட்டுக்கும் தடித்த ஆறாவது கம்பிக்கும் நடுவில் நுழையுங்கள். ஒரு கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அக்குஸ்டிக்கில் மூன்றும் ஒட்டி நுழைந்தால் ஆக்‌ஷன், அதாவது கம்பியின் உயரம், சரியாக இருக்கிறது. ஐந்து கார்டுகள் தாராளமாகப் போனால் அந்தக் கிடாரை அப்படியே வாங்காதீர்கள். பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் சேடிலைத் தேய்த்து உயரத்தைக் குறைப்பது பழகிய கைக்குச் சின்ன வேலை. அந்த செட்டப்பைச் செய்து தந்தால்தான் வாங்குவேன் என்று சொல்லலாம்.

அடுத்தது சுருதி. ஃபோனில் டியூனர் செயலியைத் திறந்து, கம்பியை வெறுமனே மீட்டுங்கள். பிறகு 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டுக்கும் அதே ஸ்வரம், முள் அதே நடுவில் நிற்க வேண்டும். விலகினால் ஒருமுறை புதுக்கம்பி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் விலகினால் பிரிட்ஜோ ஃப்ரெட்டோ இடம் தவறிப் பதிந்திருக்கிறது. எலக்ட்ரிக்கில் இதைத் திருகாணியால் சரிசெய்யலாம். மலிவான அக்குஸ்டிக்கில் பெரும்பாலும் முடியாது. அதில் பழகும் பிள்ளையின் காதும் சேர்ந்து கெடும், எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுவிட்டது. நெக்கை வளையாமல் பிடித்துவைக்கும் ட்ரஸ் ராட் இருக்கிறதா, அதன் சாவி கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் மரம் உப்பி, ஆக்‌ஷன் மாறும். அந்த ராட் இல்லாத நெக் வளைந்தால் திருத்துவது கடினம்.

இணையத்தில் வாங்கும்போது இந்தச் சோதனைகள் பொருள் வந்த பிறகுதான் நடக்கும். எனவே பெட்டியைப் பிரிப்பதை முழுவதுமாக வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், அன்றே சோதியுங்கள். அடித்துவிடப்பட்ட பெரிய எம்ஆர்பியைப் பார்த்து மயங்க வேண்டாம். "ஒன்றுதான் பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத கேபோவையும் பையையும் கூடையில் தானாகச் சேர்ப்பதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் தடைசெய்யப்பட்டவை. இறக்குமதியான கிடார் என்றால் செய்த நாடு, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம்.

எலக்ட்ரிக்கில் உயிருக்கே ஆபத்தான ஒன்று உண்டு. அதன் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாத வீட்டில் ஆம்பில் கசிவு ஏற்பட்டால் கம்பியைத் தொட்ட கையில் மின்சாரம் பாயலாம். ஸ்டோன் த குரோஸ் குழுவின் லெஸ்லி ஹார்வி 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் வீட்டில் கிடார் வாசிக்கும்போதே இறந்தார். ஆம்பின் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்து இரண்டு துளை சாக்கெட்டில் செருகும் பழக்கம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். தயவுசெய்து செய்யாதீர்கள். வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள்.

இனி தீர்வுகள். பில் வாங்குங்கள்; பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் குறைபாடுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லையென்றால், 30 நாட்களுக்குள் குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே. பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் இணைய விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. விற்பனை நடந்த இணையத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இப்படிச் சொல்கின்றன.

எழுத்தில் புகார் கொடுத்தும் அசையவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ₹5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கிடார் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் குறை என்னவென்று அளவுகளோடு எழுதி வாங்கி இணைத்தால் உங்கள் தரப்பு வலுவாகும்.

பழைய கிடார் வாங்குவோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தன் கிடாரை விற்கும் தனிநபர் வியாபாரி ஆகமாட்டார், அதனால் மேலே சொன்ன நுகர்வோர் பாதுகாப்பு அங்கே கிடைக்காது. நேரில் போய், சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெயர் பெற்ற பிராண்டின் முத்திரை இருந்தால் வரிசை எண்ணை அந்த நிறுவனத்திடம் சரிபாருங்கள். உங்கள் கிடாரை நீங்கள் விற்கும்போதும் கவனம் தேவை. "பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தத் தொகை அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.