காட்டு மரங்களில் துரு நோய்

சோளத்திலும் நிலக்கடலையிலும் துரு நோயை நம் அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். அந்நோய் காட்டு மரங்களையும் விட்டு வைப்பதில்லை. மருந்தடிக்க ஆளில்லாத காட்டில் அது ஒரு மர இனத்தையே அழிவின் வாயிலுக்குக் கொண்டு செல்லும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக் காடுகள் சான்றாகும்.

கொய்யா, நாவல், கிராம்பு, தைலமரம் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தைத் தாக்கும் துருப்பூசணம் 1884-ல் பிரேசில் நாட்டில் கொய்யா இலையில் கண்டறியப்பட்டது. தென் அமெரிக்காவின் காட்டு மரங்கள் நெடுங்காலமாக அதனுடன் வாழ்ந்து பழகியவை. பழகாத மரங்களிடையே அது புகுந்தபோதுதான் கேடு பெருகிற்று. 2005-ல் ஹவாய்த் தீவுகளிலும், 2010-ல் ஆஸ்திரேலியாவிலும், 2017-ல் நியூஸிலாந்திலும் அது காணப்பட்டது.

பூசணத்தின் நுண்வித்து ஈரமான இளந்தளிரில் விழுந்து, இரவில் முளைத்து உட்புகுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மஞ்சள் பொடி நிறைந்த கொப்புளங்கள் தோன்றுகின்றன. முற்றிய இலை பெரும்பாலும் தப்பிவிடும். தளிரோ கருகி உதிரும். மரம் தன் சேமிப்பைச் செலவிட்டு மீண்டும் துளிர்க்கிறது, அத்தளிரும் கருகுகிறது. இவ்வாறு சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. பூவும் பிஞ்சும் தாக்கப்படுவதால் விதையில்லை; முளைத்த கன்றும் பிழைப்பதில்லை. ஆகவே மாண்ட மரத்துக்கு வாரிசு இல்லாமற் போகிறது. அந்நாட்டார் ‘நாட்டுக் கொய்யா’ என்றழைக்கும் மரம், முன்பு பரவலாக இருந்தும், ஏறத்தாழப் பத்தாண்டுகளில் மிக அபாய நிலையை எய்திவிட்டது.

நாற்றங்காலில் மருந்து தெளித்துக் காக்கலாம். காடு முழுவதும் தெளித்தல் இயலாது. எனவே எஞ்சிய மரங்களின் போத்துகளை எடுத்துப் பாதுகாப்பான தோட்டங்களில் வளர்த்து வருகின்றனர்.

நுண்வித்து காற்றில் பரவுவதோடு செடி, கருவி, உடை ஆகியவற்றுடனும் பயணம் செய்கிறது. காற்றைத் தடுக்க நம்மால் இயலாது. மற்றவற்றைத் தடுக்க இயலும். வெளிநாட்டுக் கன்றையோ போத்தையோ தொற்றுத்தடைப் பரிசோதனையின்றிக் கொணர்தல் கூடாது. கன்று வாங்குமுன் தளிரைக் கவனிக்க வேண்டும். கொய்யா, நாவல் தளிர்களில் மஞ்சள் பொடி தென்பட்டால், அதனைப் பறித்து எடுத்துச் செல்லாது, உடனே விவசாய அதிகாரிக்குத் தெரிவித்தல் நலம். நம் தோட்டத்தைக் காப்பது அண்டைக் காட்டையும் காப்பதாகும்.