சாலை எட்டாத சிற்றூர்கள்



வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டால் தெருமுனைக் கடைக்குப் பிள்ளையை அனுப்புகின்றோம். அந்த நூறடி தூரத்திற்கும் இன்று பல வீடுகளில் வண்டிச் சாவியைத் தேடுகின்றனர். அடுத்த ஊரிலிருக்கும் உறவினரைக் காண ஒரு மலையிலிருந்து இறங்கி, ஆற்றைத் தாண்டி, எதிர் மலையில் ஏறவேண்டும். அதற்கும் இரு கால்களைத் தவிர வேறு வாகனம் இல்லை என்றால் நம் வாழ்வு எப்படி இருக்கும்? சற்றே எண்ணிப் பாருங்கள்.

இது கற்பனை அன்று. இந்துமகாக் கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குத் தென்மேற்கே உள்ள ரியூனியன் தீவில் அப்படித்தான் வாழ்கின்றனர் ஒரு பகுதி மக்கள். அவர்கள் வாழும் பள்ளத்தாக்கின் பெயர் மஃபாத்.

தீவும் அதன் மக்களும்

ரியூனியன் சிறிய தீவு. பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். ஆயினும் அதன் நடுவே நிற்கும் சிகரம் 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அணைந்துபோன அந்த எரிமலையைச் சுற்றி மூன்று பெரும் பள்ளத்தாக்குகள் கிண்ணங்களைப் போல் அமைந்துள்ளன. சலாசி, சிலாவோஸ் ஆகிய இரண்டிற்கும் சாலை உண்டு. மூன்றாவதான மஃபாத்திற்கு மட்டும் இன்றுவரை சாலை இல்லை.

தீவு பிரான்சின் ஆட்சியில் உள்ளது. 1946 முதல் அதன் மாவட்டங்களுள் ஒன்று. நமக்கும் இத்தீவிற்கும் உறவு உண்டு. 1848-க்குப் பின் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் அங்கே பெருந்தொகையினர். குஜராத்திலிருந்து துணி வணிகம் செய்யச் சென்ற முஸ்லிம்கள் தலைநகரான சென் தெனியில் எழுப்பிய நூரே இஸ்லாம் பள்ளிவாசல் 1905-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இவர்கள் பெரும்பாலும் கடற்கரை நகரங்களில் வாழ்கின்றனர். மலைக்குள் இருக்கும் மஃபாத்தின் கதை வேறு.

கால்களைக் கண்டு அஞ்சிய சட்டம்

பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தீவு காப்பித் தோட்டங்களின் தீவாக இருந்தது. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், ஓரளவு இந்தியாவிலிருந்தும்கூட மனிதர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக விற்றனர். அக்கொடுமையைத் தாங்க இயலாதவர்கள் இரவோடு இரவாக மலைக்கு ஓடினர்.

ஓடியவர்களுக்கு என்ன தண்டனை தெரியுமா? 1723-இல் இத்தீவுகளுக்கென வெளியிடப்பட்ட அடிமைச் சட்டம் அதனைத் தெளிவாக வகுத்தது. ஒரு மாதம் மறைந்திருந்து பிடிபட்டால் காதுகளை அறுத்துத் தோளில் சூடு போடவேண்டும். மீண்டும் ஓடினால் முழங்காலின் பின்நரம்பை வெட்டவேண்டும். மூன்றாம் முறை மரணம். மனிதனை விலைப்பொருளாக்கியவர்கள் எதைக் கண்டு அஞ்சினர் என்பதை அந்த இரண்டாம் தண்டனையே காட்டிவிடுகிறது. அவர்கள் அஞ்சியது நடக்கக்கூடிய கால்களைக் கண்டு!

அக்கால்கள் ஏறிய இடங்களுள் ஒன்றுதான் மஃபாத். அப்பெயரே மடகாஸ்கர் மொழியிலிருந்து வந்தது. 'கொல்லக்கூடியது' என்பது அதன் பொருள். அங்கு ஒளிந்திருந்த தலைவர் ஒருவரின் பெயரே இடத்திற்கு நிலைத்தது என்பர். அவர்களை வேட்டையாடக் கூலிப் படைகள் மலையேறின. ஆயினும் செங்குத்தான பாறைகளும் ஆழமான ஓடைகளும் தப்பியோடிய பலருக்கு அரணாக நின்றன. 1848 டிசம்பர் 20-ஆம் நாள் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது 60,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். பின்னர், நிலமற்ற ஏழை வெள்ளையர்களும் விடுதலை பெற்றவர்களும் இப்பள்ளத்தாக்கில் குடியேறினர். இன்று அங்கு வாழும் 700, 800 பேரும் அவ்விரு சாராரின் பேரர்களே.

வாருங்கள், ஒரு நாள் நடப்போம்

வைகறையிலேயே புறப்பட்டுவிட வேண்டும். காலையில் தெளிவாக இருக்கும் வானத்தை நண்பகலுக்கு முன்பே மேகம் வந்து மூடிவிடும். சலாசி வழியாக மலைச் சாலை முடியும் இடம்வரை வாகனத்தில் செல்லலாம். வழிநெடுகிலும் நாம் குழம்பில் போடும் சௌசௌக் காயின் பந்தல்களைக் காண்பீர்கள். அவ்வூர் மக்கள் அதனைச் 'சூசூ' என்றே அழைக்கின்றனர்.

சாலை முடிந்த இடத்திலிருந்து சிறிது நேரம் ஏறினால் 'எருதுக் கணவாய்' எனப் பொருள்படும் கோல் தே பெஃப். உயரம் ஏறத்தாழ 1,950 மீட்டர். அங்கு நின்று கீழே நோக்குங்கள். பச்சைப் பள்ளத்தாக்கில் ஆங்காங்கே சிறு மேடைகளைப் போன்ற சமநிலங்கள். ஒவ்வொன்றிலும் சில தகரக் கூரைகள். இச்சிற்றூர்களை அவர்கள் 'இலே' என்கின்றனர். பிரெஞ்சில் 'சிறு தீவு' என்று பொருள். கடல் சூழ்ந்ததைத்தானே தீவு என்போம்? இவற்றைப் பள்ளங்கள் சூழ்ந்துள்ளன.

இறங்கும் வழியில் ஒரு காடு. அங்குள்ள மரத்தைப் 'புளியமரம்' என்றே அழைக்கின்றனர். ஆனால் அதில் புளி காய்க்காது. இலையின் சாயலால் வந்த பெயர். உண்மையில் அது வேலமரத்தின் இனம். 'தெக்-தெக்' என்று ஒலியெழுப்பும் ஒரு சிறு பறவை நம்முடனே கிளைக்குக் கிளை தாவி வரும். வழிகாட்டிப் பலகைகளில் மணிக்கணக்கே முதன்மை. மலையில் ஒரு கிலோமீட்டர் என்பதற்குப் பொருளில்லை அன்றோ!

இரண்டு மணி நேரத்தில் லா நூவெல் என்னும் பெரிய இலேயை அடைகின்றோம். பள்ளிக்கூடம், சில கடைகள், ரொட்டிச் சூளை, வழிப்போக்கர் தங்கும் விடுதிகள் யாவும் உண்டு. அங்கிருந்து ரோஷ் பிளாத் என்னும் இலேக்குச் செல்ல விரும்புகின்றோம். பறவைக்கு அது சிறு தூரமே. நாமோ பல நூறு மீட்டர் செங்குத்தாக இறங்கி, ஆற்றைக் கடந்து, மீண்டும் அத்தனையும் ஏறவேண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும். இறங்கும்போது முழங்கால் நடுங்கும். ஏறும்போது மூச்சு வாங்கும். எதிரே வருபவர் எவராயினும் முகமன் கூறாமல் கடப்பதில்லை. வெறும் மரியாதைக்காக மட்டும் அன்று. கால் பிசகினால் முதலில் உதவிக்கு வரக்கூடியவர் அவர்தாம்.

அஞ்சல்காரரின் நாற்பது ஆண்டுகள்

இந்தப் பாதைகளில்தான் இவ்ரின் போசே என்னும் அஞ்சல்காரர் 1951 முதல் நாற்பது ஆண்டுகள் கடிதப் பையைச் சுமந்து நடந்தார். அவர் நடந்த தூரம் பூமியை ஆறு முறை சுற்றியதற்குச் சமம் என்பர். கடிதம் மட்டுமா? முதியோர் உதவிப் பணமும் ஊர்ச் செய்தியும் அவர் வருகையோடு வந்தன. ஓர் இலேக்கும் மற்றோர் இலேக்கும் இடையே அவர் கால்களே பாலமாயின.

மழையையும் மறந்துவிடலாகாது. 2007-ஆம் ஆண்டில் ஒரு புயலின்போது இத்தீவின் எரிமலைப் பகுதியில் மூன்றே நாட்களில் 3,929 மில்லிமீட்டர் மழை பெய்து உலகச் சாதனையாயிற்று. சென்னையில் ஓராண்டு முழுதும் பெய்வது சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுதான். இத்தகைய மழையில் பாதைகள் கரைந்து போகின்றன. மழை ஓய்ந்ததும் ஆட்கள் சென்று கல்லடுக்கி, மரத்துண்டுகளைப் படியாகப் பதித்து மீண்டும் அமைக்கின்றனர்.

சாலை வேண்டுமா, வேண்டாமா?

இன்று சமையல் எரிவாயுவும் சிமெண்டும் அரிசியும் ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிடப்பட்டு வருகின்றன. அவசர நோயாளியையும் அதுவே கொண்டு செல்கிறது. மின்கம்பி எட்டாத வீடுகளுக்குச் சூரிய ஒளித் தகடுகள் விளக்கேற்றுகின்றன. ஆனால் மேகம் மூடிவிட்டால் ஹெலிகாப்டர் வராது. அப்போது கால்களே கதி.

தாய்மார்களே, இதைக் கேளுங்கள். இலேக்களில் தொடக்கப்பள்ளி மட்டுமே உண்டு. பதினோரு வயதளவில் மேற்படிப்பிற்காகப் பிள்ளையைக் கடற்கரை நகரத்திற்கு அனுப்பியாக வேண்டும். விடுமுறைக்கு மலையேறி வரும் பிள்ளை, படிப்பு முடிந்தபின் திரும்புமா என்பதே ஒவ்வொரு வீட்டின் கவலை.

அவ்வாறாயின் சாலை போட்டுவிடலாமே எனத் தோன்றும். அண்டைப் பள்ளத்தாக்கான சிலாவோஸுக்கு 1932-இல் சாலை வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள் கொண்ட அச்சாலை பாறை சரிந்து மூடப்படும் நாட்களும் உண்டு. மஃபாத்தோ 2007 முதல் தேசியப் பூங்காவின் உள்ளே இருக்கிறது. 2010-இல் இத்தீவின் மலைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. நிலம் பொதுவுடைமை, குடிமக்கள் குத்தகைக்காரர்களே. சாலை இல்லாததால்தான் நடைப்பயணிகள் தேடி வருகின்றனர். அவர்களுக்கு உணவும் படுக்கையும் அளிப்பதே பல குடும்பங்களின் வருவாய். சாலை வந்தால் மருத்துவமனை அருகாகும். வருவாயும் அமைதியும் தொலைவாகிவிடலாம். நோயுற்ற முதியவர் ஒருவரிடம் இக்கணக்கைக் கூறி ஆறுதலளிக்க முடியுமா? முடியாது. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வெளியிலிருந்து அழகைக் காணச் செல்லும் நாம் தீர்ப்புக் கூறுவது முறையாகாது.

நிறைவாக

பார்வையாளர்கள் வாகனத்திலேயே ஏறிச் செல்லக்கூடிய மாய்தோ என்னும் விளிம்பு, 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் மஃபாத்தின் வீடுகள் தீப்பெட்டிகளைப் போல் தெரியும். படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்புவோரே மிகுதி. கீழே நடப்பவருக்கோ, எந்தப் படியில் எவர் வீடு, எவர் நோயுற்றிருக்கிறார், எந்தப் பிள்ளை விடுமுறைக்கு வந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

நம் தெருவில் நமக்கு இவை தெரியுமா, அன்பர்களே? நம்மிடம் சாலை உண்டு, வண்டியும் உண்டு. ஒரு காலத்தில் வெட்டப்பட வேண்டியவை என்று சட்டம் குறித்துவைத்த கால்கள் இத்தனை ஊர்களை உருவாக்கியிருக்கின்றன. இன்று அஸருக்குப் பின் வண்டியை நிறுத்திவிட்டு, நான்கு தெரு தள்ளிப் படுக்கையிலிருக்கும் அந்தப் பெரியம்மாவின் வீடுவரை நடந்து சென்று நலம் விசாரித்து வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.