பெட்டியை மாற்றுமுன்

சில மாதங்களுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். “வாத்தியாரையா, வீட்டிலுள்ள ஸ்டீரியோ பெட்டி கெட்டுவிட்டது. கைப்பேசியிலிருந்து பாட்டுப் போட்டால் ஒரே இரைச்சல். பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. புதுப்பெட்டியைத் தவணையில் எடுக்கலாம் என்கிறான் பெரியவன். எடுக்கலாமா?” என்று கேட்டார்.

தவணை என்றால் ஈராண்டு காலம் சம்பளத்தில் ஒரு பங்கு போகும். “அவசரப்படாதீர்கள். மாலையில் வந்து பார்க்கிறேன்” என்றேன். போய்ப் பார்த்தால் பெட்டியில் பழுதே இல்லை. குறை மூன்று இடங்களில் இருந்தது. பாட்டுக் கோப்பில் ஒன்று. பாட்டு பெட்டிக்கு வரும் வழியில் ஒன்று. ஒலிபெருக்கிகளை வைத்திருந்த முறையில் ஒன்று. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் பாட்டுக் கோப்பு. ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதி வைப்பதே இலக்கவியல் முறை. 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த சிடி தட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். மனிதக் காதுக்குக் கேட்கும் மிக உயர்ந்த ஒலி நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள்தான். அதைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் காதுக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிடும்.

ஆனால் இப்படி எழுதினால் 4 நிமிடப் பாட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 42 மெகாபைட் இடம் வேண்டும். இதைச் சுருக்கக் கண்ட வழிகளில் ஒன்றுதான் எம்.பி.3. தப்பு அடிக்கும் இடத்தில் பக்கத்திலிருப்பவர் முணுமுணுத்தால் நமக்குக் கேட்குமா? கேட்காது. அதுபோல், பெரிய ஒலியில் மறைந்துபோகும் சிற்றொலிகளை இம்முறை விட்டுவிடுகிறது. அளவோடு சுருக்கினால் நமக்கு வேறுபாடு தெரியாது. அளவு மீறினால் தாளமும் சலங்கையும் கரகரக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. எம்.பி.3 பாட்டின் அளவைக் கைப்பேசியில் பாருங்கள். நிமிடத்திற்கு ஏறக்குறைய 1 மெகாபைட் இருந்தால் அது நொடிக்கு 128 கிலோபிட் வகை. ஏறக்குறைய 2.4 மெகாபைட் இருந்தால் 320 கிலோபிட் வகை, அது நல்லது. அந்த வீட்டில் 4 நிமிடப் பாட்டு 2 மெகாபைட்தான் இருந்தது!

“பெரிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாமே” என்று சிலர் நினைப்பார்கள். தீட்டிய அரிசிக்குத் தவிடு திரும்புமா? விட்டுப்போன ஒலியும் திரும்பாது. கோப்பை அப்படியே நகலெடுத்தால் ஒன்றும் குறையாது. ஆனால் சுருக்கியதை மீண்டும் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் குறையும். ஆகவே, வீட்டில் பழைய சிடி தட்டுகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கணினி வழியாக அவற்றை ‘ஃபிளாக்’ என்னும் வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். அது எதையும் இழக்காமல் ஏறக்குறையப் பாதி அளவுக்குச் சுருக்கும். இணையச் செயலியில் பாட்டுக் கேட்பவர்கள் அதன் அமைப்புகளில் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, வழி. புளூடூத்தில் அனுப்பும்போது பாட்டு பெரும்பாலும் இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. சில வெள்ளி விலையுள்ள கம்பி வடம் இதைத் தவிர்க்கும். அதன் ஒரு முனையைக் கைப்பேசியில் செருகுங்கள். மறுமுனையின் சிவப்பு, வெள்ளைச் செருகிகளைப் பெட்டியில் ‘ஆக்ஸ்’ என்றுள்ள துளைகளில் செருகுங்கள். கைப்பேசியில் ஒலி அளவை முழுமைக்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, பெட்டியில் கூட்டிக் குறையுங்கள். அந்த வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்திருந்தார்கள். மெல்லிய ஒலியைப் பெட்டி பெருக்கியபோது இரைச்சலும் சேர்ந்து பெருகியது. சார்ஜ் ஏறும்போது ‘உம்’ என்ற ஓசை வந்தால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, ஒலிபெருக்கிகள். இரண்டையும் அலமாரியின் உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். அதோடு, ஒன்றின் கம்பிகள் மாறியிருந்தன. சிவப்பு முனை சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒன்றில் மட்டும் மாறினால், ஒரு ஒலிபெருக்கி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். மத்தளத்தின் கனத்த ஓசை ஒன்றையொன்று அழித்துவிடும். குரலும் ஓரிடத்தில் நிற்காது. கிணற்றுக் குரலின் காரணம் இதுதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பிகளை மாற்றினோம்.

பிறகு, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இரண்டையும் வைத்தோம். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் நாம் அமர வேண்டும். மூலையில் ஒட்டி வைக்கக்கூடாது, ஓசை குமுறும். வெறுந்தரையில் பாய் விரித்தால் எதிரொலி குறையும். சரியாக வைத்தால் பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில் நின்று பாடுவதுபோல் கேட்கும். ஒரு செய்தி: 1950, 60-ஆம் ஆண்டுகளின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத்தட ஒலிப்பதிவுகள். அவற்றில் வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்காவிட்டால் அது பெட்டியின் குறையன்று.

வேலை முடிந்ததும், நல்ல கோப்பாக ஒரு பாட்டைப் போட்டோம். அடுப்படியிலிருந்த பாட்டி வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார். பாட்டின் சொற்கள் இப்போதுதான் விளங்குகின்றன என்றார். தவணைப் பேச்சு அதோடு நின்றது.

நேயர்களே, சத்தம் வேறு, தெளிவு வேறு. தெளிவு இருந்தால் குறைந்த ஒலியே போதும். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவர் அடுத்த வீட்டில் உறங்குகிறார் அல்லவா? புதுப்பெட்டிக்குக் கையெழுத்துப் போடுமுன், இந்த மூன்றையும் ஒரு மாலைப்பொழுதில் சரிபார்த்துவிடுங்கள்.