பழைய ஸ்மார்ட் போனில் அறிவிப்புகளைக் களையெடுக்க...

கிராமங்களில் இன்று விவசாயிகள் பலர் கையில் இருப்பது மகனோ மகளோ புதுப் போன் வாங்கிக் கொண்டு வீட்டில் விட்டுச் சென்ற பழைய ஸ்மார்ட் போன்தான். ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த போனாக இருக்கும். காலையில் முழுதாக ஏற்றிய சார்ஜ் மதியத்துக்குள் பாதியாகி விடும். ஆனால் மணி அடிப்பதில் மட்டும் அதற்குக் களைப்பே கிடையாது. காலை வணக்கப் படம், கடன் வேண்டுமா என்ற விளம்பரம், விளையாட்டு, சினிமாச் செய்தி என்று நாள் முழுதும் ஓயாமல் ஒலித்துக் கொண்டிருக்கும். இந்தச் சத்தம் பொறுக்காமல் பலர் போனை மொத்தமாகச் சைலன்டில் போட்டு விடுகிறார்கள். களத்தில் நெல் காயும் போது வந்த மழை எச்சரிக்கையும் அந்தச் சைலன்டில் அமுங்கிப் போகிறது.

களை மண்டியதற்காக யாரும் பயிரையும் சேர்த்து உழுது விடுவதில்லை. போனிலும் வேண்டாத அறிவிப்புகளை மட்டும் பிடுங்கி எறிந்து, வேண்டியவற்றை ஒலிக்க விட வழி இருக்கிறது. இதற்குப் புதுப் போன் தேவையில்லை. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலில் போனின் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்று பார்த்துக் கொள்ள வேண்டும். செட்டிங்ஸ் (போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு 'அமைப்புகள்') பகுதியின் அடியில் 'போனைப் பற்றி' என்ற இடத்தில் இந்த எண் இருக்கும். 2017-ல் வந்த 8-ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் ஓர் ஆப்பின் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்துக் காட்டும். வேண்டிய வகையை விட்டு மற்றதை நிறுத்தலாம். அதற்கு முந்திய போன்களில் ஓர் ஆப் முழுவதற்கும் சேர்த்துத்தான் திறக்கவோ அடைக்கவோ முடியும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர்களும் இடங்களும் சற்று மாறும் என்பதால், இங்கே சொல்லும் பெயர் அப்படியே இல்லாவிட்டால் அதையொத்த பெயரைத் தேடிப் பார்க்கவும்.

எது அவசரம்?

அவசரம் எது என்று முடிவு செய்யாமல் செட்டிங்ஸில் கை வைப்பதில் பயனில்லை. இந்திய வானிலைத் துறையினர் அடுத்த 3 மணி நேரத்துக்கென்று வெளியிடும் இடி மழை எச்சரிக்கை 2 மணி நேரம் தாமதமாகக் கிடைத்தால் அது யாருக்கும் உதவாது. காலையில் அடித்த மருந்து மழையில் கழுவிப் போன பின்பு எச்சரிக்கையைப் படித்து என்ன பயன்? மின்னல் எச்சரிக்கை என்றால் உயிர்ப் பிரச்சினை. மோட்டாருக்கு மின்சாரம் வந்த செய்தி, கிணற்றில் நீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடுகிறது என்ற செய்தி, வங்கிக் கணக்கில் பணம் எடுக்கப்பட்ட செய்தி ஆகியவையும் உடனே தெரிய வேண்டியவை. இவை ஒலிக்கட்டும்.

வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய நாட்களில் வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரை, 'உழவன்' ஆப்பில் வரும் மானியத் தகவல், சந்தை விலை ஆகியவை முக்கியமானவைதான். ஆனால் மாலையில் வீடு திரும்பிய பின் பார்த்தாலும் கெட்டுப் போகாது. இவற்றைச் சத்தமில்லாமல் வரும்படி வைத்துக் கொள்ளலாம். மீதமுள்ளவை களைகள்.

களையெடுக்கும் முறை

தனியாக உட்கார்ந்து பட்டியல் போட வேண்டியதில்லை. வேண்டாத அறிவிப்பு ஒன்று வரும்போது அதன் மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கவும். எந்த ஆப்பிலிருந்து வந்தது என்ற விவரமும், அதை நிறுத்தவோ சத்தமில்லாமல் ஆக்கவோ வழியும் அங்கேயே வரும். மிகப் பழைய போனில் அந்த ஆப்பின் தகவல் பக்கத்துக்குப் போகும் குறி மட்டும் தெரியும். அதைத் தொட்டு உள்ளே சென்று அறிவிப்பை அடைக்கலாம். ஒரு வாரம் இப்படி வந்ததையெல்லாம் பிடுங்கினாலே பெரும்பகுதி குறைந்து விடும்.

'உங்கள் போனில் வைரஸ் புகுந்து விட்டது', 'உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது' என்று வருபவை பெரும்பாலும் எந்த ஆப்பும் அனுப்புவதல்ல. என்றோ ஒரு நாள் குரோமில் ஏதோ ஓர் இணையதளத்தைப் பார்க்கும் போது, 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று அது கேட்க, நாம் 'அனுமதி' என்பதைத் தொட்டிருப்போம். அதன் விளைச்சல்தான் இது. குரோமைத் திறந்து மூன்று புள்ளி, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாகப் போனால் அனுமதி பெற்ற தளங்கள் தெரியும். ஒவ்வொன்றாக நீக்கி விட்டு, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் அங்கேயே அமைத்து விடலாம். இது கோரைக் கிழங்கைத் தோண்டி எடுப்பது போன்றது. மேலே வந்ததை மட்டும் தள்ளி விட்டுக் கொண்டிருந்தால் நாளையும் முளைக்கும்.

வாட்ஸ்அப்பில் குழுக்களுக்கும் தனி நபர்களுக்கும் வேறு வேறு ஒலி வைக்க அதன் செட்டிங்ஸிலேயே இடம் உண்டு. குழுக்களுக்கு ஒலியே இல்லாமல் செய்து விடலாம். உழவர் உற்பத்தியாளர் குழு, பாசனச் சங்கக் குழு போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் தனி ஒலி கொடுத்துக் கொள்ளலாம். உறவினர் குழுவிலிருந்து விலகினால் வருத்தப்படுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் குழுவின் பெயரைத் தொட்டு 'எப்போதும்' ஒலியடக்கி வைக்கலாம். இது மற்றவர்களுக்குத் தெரியாது.

விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு, 1909 என்ற எண்ணுக்கு 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கில எழுத்தில் அனுப்பினால் வணிக விளம்பரங்கள் தடுக்கப்படும். வங்கி, அரசுச் செய்திகள் இதனால் நிற்காது. 2025-ல் வந்த விதிப்படி அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பணப் பரிமாற்றம் போன்றவை, 'ஜி' என்றால் அரசு. பேரிடர்ச் செய்தி வந்தால் முதலில் இந்த எழுத்தைப் பார்க்கலாம். சில போன்கள் நல்ல செய்தியையும் 'ஸ்பேம்' என்ற பகுதிக்குள் தள்ளி விடும். வாரம் ஒரு முறை அதையும் எட்டிப் பார்ப்பது நல்லது.

போன் தூங்கி விட்டால்?

களையெடுத்தாகி விட்டது. எச்சரிக்கை ஆப்பும் ஒலிக்கும்படி இருக்கிறது. ஆனாலும் செய்தி நேரத்துக்கு வருவதில்லை, போனைக் கையில் எடுத்ததும் நாலைந்து சேர்ந்து கொட்டுகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். இதற்குக் காரணம் டவர் அல்ல. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசைவின்றி போன் கிடந்தால் பேட்டரியைக் காப்பதற்காக அது உறங்கத் தொடங்கும். ஆப்கள் இன்டர்நெட்டைத் தொட அப்போது அனுமதி இல்லை. இடையிடையே சில நிமிடம் மட்டும் கண் விழித்து, சேர்ந்தவற்றை வாங்கிக் கொண்டு மீண்டும் உறங்கும். போகப் போக இந்த இடைவெளி நீளும். மிக அவசரம் என்று அனுப்புகிறவர் குறித்து அனுப்பும் செய்தி மட்டும் உறக்கத்தைக் கலைக்கும். வரப்பில் துண்டுக்கடியில் வைத்து விட்டு நாற்று நடப் போகிறவரின் போன் இப்படித்தான் உறங்குகிறது.

ஆகவே எச்சரிக்கை தரும் ஓரிரு ஆப்களுக்கு மட்டும் இந்த உறக்கத்திலிருந்து விலக்கு அளிக்க வேண்டும். செட்டிங்ஸில் பேட்டரி, அதில் 'பேட்டரி மேம்படுத்தல்' என்ற பகுதியில் அந்த ஆப்பைத் தேடி 'மேம்படுத்த வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பிந்திய பதிப்புகளில் அந்த ஆப்பின் தகவல் பக்கத்திலேயே பேட்டரி என்ற தலைப்பில் 'கட்டுப்பாடற்றது' என்று இருக்கும். சில கம்பெனிப் போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று இன்னொரு பூட்டும் உண்டு. அதையும் திறந்து விட வேண்டும். 'டேட்டா சேவர்' போட்டிருந்தால் அதிலும் விலக்குத் தர வேண்டும். எல்லா ஆப்புக்கும் விலக்குக் கொடுத்தால் பழைய பேட்டரி தாங்காது. இரண்டு, மிஞ்சினால் மூன்று.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அவ்வப்போது எல்லா ஆப்களையும் மேலே தள்ளித் துடைத்து விட்டால் சார்ஜ் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். துடைத்த ஆப்பை மறுபடி தொடக்கத்திலிருந்து எழுப்ப அதிகச் சார்ஜ்தான் செலவாகும். அதோடு சில போன்களில் இப்படித் துடைக்கப்பட்ட ஆப், நாமே மறுபடி திறக்கும் வரை எந்த அறிவிப்பும் தராது. மழைக் காலத்தில் இந்தப் பழக்கத்தை விட்டு விடுவது நல்லது.

மின்னலுக்கான 'தாமினி' ஆப் வைத்திருப்போர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புனேயிலுள்ள இந்திய வெப்ப மண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இந்த ஆப், நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோ மீட்டர் தூரத்துக்குள் மின்னல் உண்டானால் எச்சரிக்கும். நாம் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டுமானால் போனில் 'லொகேஷன்' திறந்திருக்க வேண்டும், அந்த ஆப்புக்கு அதற்கான அனுமதியும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதில்தான் சிக்கல். சில மாதங்கள் திறக்கப்படாத ஆப்பின் அனுமதிகளைப் போன் தானாகவே பிடுங்கிக் கொள்ளும். 2021 டிசம்பர் முதல் இது ஆண்ட்ராய்டு 6 வரையுள்ள பழைய போன்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் மூடிய ஆப்பைச் சித்திரை கோடை இடி வரை யாரும் திறப்பதில்லை. இடி வரும் போது ஆப் இருக்கும், அனுமதி இருக்காது. எனவே மாதம் ஒரு முறை திறந்து பார்க்கவும். அல்லது ஆப்பின் அனுமதிப் பக்கத்தில், பயன்படுத்தாவிட்டால் அனுமதியை நீக்கும் ஏற்பாட்டை அணைக்கவும். மிகப் பழைய போன்களில் இது பிளே ஸ்டோரில் 'பிளே புரொடெக்ட்' பகுதியில் இருக்கும்.

எச்சரிக்கை வரவில்லையே என்று இடி கேட்ட பிறகும் வயலில் நிற்கக் கூடாது. மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது. காதுக்குக் கேட்கும் இடி போதுமான எச்சரிக்கை.

டவர் வழி வரும் செய்தி

ஆப் செய்திகள்தான் இன்டர்நெட் வழியாக வந்து உறக்கத்தில் மாட்டுகின்றன. போன் அழைப்பும் சாதாரணக் குறுஞ்செய்தியும் அப்படியல்ல. போன் உறங்கினாலும் இவை வந்து சேரும். அதனால்தான் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வாங்குவோர், ஆப்பில் மட்டும் செய்தி தரும் வகையை விட, சிம் கார்டு போட்டு அழைப்போ குறுஞ்செய்தியோ தரும் வகையைப் பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

இரவில் நிம்மதியாக உறங்கவும் வேண்டும், மோட்டார் செய்தியும் வேண்டும் என்போருக்கு 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற அமைப்பு ஏற்றது. ஸ்டார்ட்டரில் உள்ள சிம் எண்ணை 'மோட்டார்' என்று பெயரிட்டுச் சேமித்து அதற்கு நட்சத்திரக் குறி போடவும். வீட்டார், பண்ணையாள், கால்நடை மருத்துவர் எண்களுக்கும் அவ்வாறே செய்யவும். பிறகு இந்த அமைப்பில், நட்சத்திரக் குறியிட்டவர்களின் அழைப்பும் செய்தியும் மட்டும் வரலாம் என்று தேர்ந்தெடுத்து, இரவு 9 முதல் காலை 5 வரை தானாக இயங்கும்படி நேரம் குறிக்கலாம். அலாரம் வழக்கம் போல் அடிக்கும். 'மீண்டும் அழைப்பவர்' என்பதையும் திறந்து வைத்தால், 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைக்கும் எந்த எண்ணும் ஒலிக்கும். புது எண்ணிலிருந்து ஆபத்துக்கு அழைப்பவரும் கிடைப்பார்.

இதே டவர் வழியாக, நம் எண்ணே தெரியாமல், ஒரு பகுதியிலுள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் பேரிடர் எச்சரிக்கை அனுப்பும் முறை 2023-ல் நாடு முழுதும் சோதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அக்டோபரில் பலத்த ஒலியுடன் போன்கள் அலறியது பலருக்கும் நினைவிருக்கும். செட்டிங்ஸின் தேடும் கட்டத்தில் 'அவசர எச்சரிக்கைகள்' என்று தட்டிப் பார்த்து, அடைபட்டிருந்தால் திறந்து வைக்கவும்.

ஓ.டி.பி. களவு

ஓ.டி.பி. எண் திரை பூட்டியிருக்கும் போதும் வெளியே தெரிகிறதா என்று பார்க்கவும். தெரிந்தால் அறிவிப்புப் பகுதியில் 'பூட்டுத் திரையில் முக்கிய விவரங்களை மறை' என்று அமைக்க வேண்டும். இதைவிட மோசமானது, வரும் அறிவிப்புகளையெல்லாம் வேறொரு ஆப் படித்துக் கொண்டிருப்பது. பி.எம். கிசான் தவணை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை நிறுவினால் இதுதான் நடக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ், 'சிறப்பு அணுகல்', 'அறிவிப்பு அணுகல்' என்ற இடத்தில் அவ்வாறு படிக்க அனுமதி பெற்ற ஆப்கள் தெரியும். கைக்கடிகாரத்துக்கான ஆப் போன்று நாமே தெரிந்து கொடுத்ததைத் தவிர மற்றவற்றின் அனுமதியை உடனே எடுத்து விடவும். 'எஸ்.எம்.எஸ்.' அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்பதையும் அனுமதிகள் பகுதியில் பார்க்கவும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

அமைத்து முடித்த பின் ஒரு சோதனை செய்யலாம். போனைச் சார்ஜில் போடாமல் திண்ணையில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து விட்டு, வேறொரு போனிலிருந்து முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் பிறகு ஓர் அழைப்பும் அனுப்பச் சொல்லவும். எது உடனே ஒலிக்கிறது, எது பிந்துகிறது என்பதை வைத்து எந்த ஆப்புக்கு விலக்குத் தேவை என்று தெரிந்து கொள்ளலாம். போனின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் சில அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்புவதுண்டு. எனவே கோடை இடி தொடங்கும் பங்குனியில் ஒரு முறையும், பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறையும் இச்சோதனையைச் செய்து கொள்ளவும்.