வாடகைதாரர் வெளியேற்றம் (தமிழ்நாடு)

வாடகைதாரர் வெளியேற்றம் என்பது வாடகைக்கு விடப்பட்ட கட்டடத்தை அதன் உரிமையாளர் வாடகைதாரரிடமிருந்து சட்டத்தின் வழியாக மீளப் பெறுவதாகும். சட்டத்தில் உரிமை, உடைமை ஆகிய இரண்டும் வெவ்வேறானவை. வீட்டின் உரிமை உரிமையாளருக்கே உரியது எனினும், வாடகைக் காலத்தில் அதன் உடைமை வாடகைதாரரிடம் இருக்கும். ஆகவே, வீட்டைக் காலி செய்யுமாறு உரிமையாளர் அனுப்பும் அறிவிப்பு தன்னளவில் எவரையும் வெளியேற்றிவிடாது. வாடகைதாரர் தாமாக வெளியேறாவிடில் நீதிமன்றத்தின் ஆணை தேவைப்படும்.

வரலாறு

இந்தியாவில் குத்தகை பற்றிய பொதுச் சட்டம், 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் ஆகும். வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோது, மாத வாடகையை 15 நாள் அறிவிப்பின் மூலம் இரு தரப்பில் எவரும் முடித்துக்கொள்ளலாம் என அதன் 106 ஆவது பிரிவு கூறுகிறது. இதற்குக் காரணம் எதுவும் காட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பின்னர் இயற்றப்பட்ட 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றை மெய்ப்பித்தாலன்றி வாடகைதாரரை வெளியேற்ற இயலாது என்றது. இவ்வாறு மாநிலச் சட்டத்தின்கீழ் வெளியேற்றம் கோரும்போது 106 ஆவது பிரிவின்படி தனியே அறிவிப்புத் தர வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1979 இல் தீர்ப்பளித்தது.

1960 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2017 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வெளியேற்ற மனுக்களை வாடகை நீதிமன்றம் விசாரிக்கும். மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்திற்குச் செல்லும்.

வெளியேற்றத்திற்கான காரணங்கள்

2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 ஆவது பிரிவு கூறும் காரணங்களுள் முதன்மையானவை:

- சட்டப்படியான எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுதல்
- இரண்டு மாதங்களுக்கு வாடகையையும் பிற கட்டணங்களையும் முழுமையாகச் செலுத்தாமை
- உரிமையாளரின் எழுத்து ஒப்புதலின்றிக் கட்டடத்தைப் பிறரிடம் ஒப்படைத்தல்
- நிறுத்துமாறு அறிவிப்புத் தந்த பின்னரும் கட்டடத்தைத் தவறாகப் பயன்படுத்துதல்
- காலி செய்தாலன்றி மேற்கொள்ள இயலாத பழுதுபார்ப்பு அல்லது மறுகட்டுமானம்
- உரிமையாளரின் உண்மையான சொந்தத் தேவை

இவற்றுட் சிலவற்றில் அறிவிப்பு, தவறைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பாகவும் அமைகிறது. எடுத்துக்காட்டாக, அறிவிப்புக் கிடைத்த ஒரு மாதத்திற்குள் வாடகை நிலுவையை வட்டியுடன் செலுத்திவிட்டால், அந்நிலுவையைக் காரணம் காட்டி வெளியேற்ற ஆணை பிறப்பிக்கப்படாது. எனினும், ஒருமுறை இச்சலுகை பெற்றவர் அதன்பின் ஓராண்டில் தொடர்ந்து இரண்டு மாதங்கள் வாடகை செலுத்தத் தவறினால் மீண்டும் அதனைப் பெற இயலாது.

இரு தரப்பின் உரிமைகள்

ஒப்பந்தப்படி உரிய காலத்தில் வாடகை பெறுவதும், மேற்கண்ட காரணம் இருப்பின் கட்டடத்தை மீளப் பெறுவதும் உரிமையாளரின் உரிமைகளாகும். வாடகைக்குப் பற்றுச்சீட்டுப் பெறுவதும், காலி செய்த ஒரு மாதத்திற்குள் உரிய கழிவு போக முன்பணத்தைத் திரும்பப் பெறுவதும் வாடகைதாரரின் உரிமைகளாகும். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என 2017 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

வலிந்து வெளியேற்றுதல்

வெளியேற்றும் நோக்கில் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதை 20 ஆவது பிரிவு தடை செய்கிறது. அவ்வாறு துண்டிக்கப்பட்டால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். சேவையை உடனே மீட்டளிக்குமாறு அவர் இடைக்கால ஆணை பிறப்பிக்க இயலும்.

பூட்டை மாற்றுதல், பொருட்களை வெளியே வைத்தல் போன்ற செயல்களால் உடைமை இழந்தவருக்கு, 1963 ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6 ஆவது பிரிவு தீர்வு தருகிறது. அவர் ஆறு மாதங்களுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து உடைமையை மீட்கலாம். அவ்வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்பது ஆராயப்படுவதில்லை. சட்ட வழியின்றி உடைமை பறிக்கப்பட்டதா என்பது மட்டுமே ஆராயப்படும்.