விதைக் கணக்கும் விரிதாளும்

சங்கப் பேரேட்டில் கோடிட்டு வரவு செலவு எழுதுவதை அங்கத்தினர் யாவரும் அறிவர். அத்தகைய ஏடு கணிப்பொறியில் அமைந்தால் அதுவே விரிதாள். 1979-இல் விசிகால்க் என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலோர் கையாள்வது எக்செல். பணக் கணக்கிற்கென வந்த இக்கருவியால், பயிரின் குணம் சந்ததிக்கு இறங்கும் வகையையும் கணக்கிடலாம்.

கிரெகர் மெண்டல் என்ற துறவி 1866-இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கைப் பார்ப்போம். உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் தரும் செடிகளை அவர் கலந்தார். முதலில் கிடைத்தவை யாவும் உருண்டை. அடுத்த தலைமுறையின் 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. மூன்றுக்கு ஒன்று என்பது விதியாயின் 5,493-உம் 1,831-உம் இருத்தல் வேண்டும். இந்த 19 விதை வேறுபாடு தற்செயலா, விதியே பிழையா? வேறுபாட்டின் வர்க்கமாகிய 361-ஐ எதிர்பார்த்த ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துக் கூட்டினால் 0.26 வரும். இருவகை மட்டுமுள்ள கணக்கில் இது 3.84-ஐத் தாண்டினாலன்றி விதியைச் சந்தேகிப்பதில்லை என்பது புள்ளியியலார் வழக்கம். விரிதாளில் சூத்திரத்தை ஒருமுறை எழுதிவிட்டால் போதும். பிறகு எண்களை மட்டும் மாற்றலாம்.

பருத்தி இழையின் நீளம் இவ்வளவு எளியதன்று. அதைப் பல மரபுக்கூறுகள் ஆள்கின்றன. மண்ணும் நீரும் பங்கு கேட்கின்றன. வாய்க்கால் ஓரச் செடி நீண்ட பஞ்சு தந்தால் அது விதையின் சிறப்போ, தண்ணீரின் தயவோ? ஆகவே ஒவ்வொரு வழியின் விதையையும் வயலின் பல இடங்களில் விதைத்து அளந்து, மொத்த வேறுபாட்டில் வழிக்குரிய பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். அப்பங்கு சிறிதாயின் அச்செடியிலிருந்து விதை எடுத்துப் பயன் மிகக் குறைவு. குட்டையும் நெட்டையும் கலந்த இழையில் நூற்ற நூல் தறியில் அறுவதை நெசவாளர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. செடி வழிக்கு 5-3 என எண்ணிட்டு நான் ஒருமுறை பதிந்தேன். விரிதாள் அதை மார்ச்சு 5 என்று தேதியாக்கிற்று. கவனிக்கவில்லை. 5-13 போன்றவை மாறாதிருந்தமையால் ஐயமும் எழவில்லை. பின்னர்த் திருத்த முயன்றபோது ஐந்து இலக்க எண்களே வந்தன. விதைப் பைகளை வயல் குறிப்பேட்டுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டே மீட்டோம். குறிப்பேடு இல்லையேல் ஒரு பருவ உழைப்பு வீண். மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே இதே தொல்லையால் 2020-இல் மாற்ற நேர்ந்தது. பதியத் தொடங்குமுன் அப்பத்தியை ‘எழுத்து’ வகையாக அமைத்துக்கொள்க. வரிசைப்படுத்தும்போது ஒரு பத்தியை மட்டும் நகர்த்தாமல் தாள் முழுவதையும் சேர்த்தே நகர்த்துக. வயல் குறிப்பேட்டை அறுவடைக்குப் பின்னும் எறியற்க.