பிறர் பாட்டைப் பாடியவர்



1968ஆம் ஆண்டு. நியூயார்க்கில் கார்லைல் என்றொரு ஹோட்டல். அதன் கீழ்த்தளத்துச் சிறிய உணவரங்கமான கஃபே கார்லைலில் பியானோ வாசித்து வந்த ஜார்ஜ் ஃபேயர் இரண்டு வாரம் விடுப்பில் போகிறார். அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் நாற்பதைக் கடந்த ஒரு பாடகரைக் கூப்பிடுகிறார்கள். அவர் பெயர் பாபி ஷார்ட். பிறகு அந்த இடம் அவருடையதே ஆகிவிட்டது. 2004 வரை, ஏறக்குறைய 36 ஆண்டுகள், அதே அறையில் பாடினார்.

இலக்கிய உரை வரிசையில் இரவு விடுதிப் பாடகருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இவர் பாடியவை பெரும்பாலும் பிறர் எழுதிய பாட்டுகள். பல, அவர் சிறுவனாக இருந்தபோதே பிரபலமானவை. ஒரு சொல்லைக்கூடத் தான் எழுதாத ஒருவர், எழுதப்பட்டதற்கு என்ன செய்கிறார்? எனக்கு இது இலக்கியக் கேள்வியாகவே படுகிறது.

இவர் செய்த கலையைக் கேபரே என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு எழுபதுகளின் தமிழ்ப்பட நடனக் காட்சிதான் நினைவுக்கு வரும். அதுவல்ல இது. சின்ன அறை, கைக்கெட்டும் தூரத்தில் மேசைகள், பியானோ முன் ஒருவர், பக்கத்தில் பாஸ், டிரம்ஸ். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடிக் கோப்பையை வைத்தால் பாடகருக்குக் கேட்கும். அந்தச் சலசலப்புக்குள் ஒரு வரியின் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அமெரிக்கர்கள் 'ஸ்டாண்டர்ட்' என்று அழைக்கும் பாட்டுகள் பெரும்பாலும் 1920களிலிருந்து 50கள் வரை பிராட்வே இசை நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. நாடகம் போய்விடும், பாட்டு நிற்கும். கோல் போர்ட்டரின் 'ஜூபிலி' 1935இல் மேடையேறி, 169 காட்சிகளோடு முடிந்துபோனது. இன்று அந்த நாடகத்தை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஆனால் அதிலிருந்த 'பிகின் தி பெகின்' என்ற பாட்டு 1938இல் ஆர்ட்டி ஷா இசைக்குழு அதை வாசித்துப் பதிவு செய்தபின் உலகம் சுற்றியது. கதை, பாத்திரம், காட்சி எல்லாம் உதிர்ந்து, பாட்டு மட்டும் அநாதையாக நிற்கிறது. அதற்குப் புதிதாக ஒரு பாத்திரத்தைக் கொடுக்க வேண்டியது பாடகரின் வேலை.

இங்கே ஒரு நுட்பம். இந்தப் பாட்டுகள் பலவற்றுக்கு 'வெர்ஸ்' என்ற முன்பகுதி உண்டு. நம் பழைய திரைப்பாடல்களில் பல்லவிக்கு முன் தொகையறா வருமே, ஏறக்குறைய அதுதான். பாதி பேச்சு, பாதி பாட்டு. யார் பேசுகிறார், ஏன் இந்த மனநிலை என்பதை அது சொல்லிவிடும். வானொலியிலும் நடன அரங்கிலும் நேரமில்லை என்று பலர் அதை வெட்டினார்கள். ஷார்ட் அதைத் தேடிப்பிடித்துப் பாடினார். தொகையறாவோடு கேட்கும்போது, நூறு முறை கேட்ட பாட்டும் ஒரு சிறுகதையைப் போல நிமிர்ந்து உட்காரும்.

இந்த வழியில் அவருக்கு மூத்தவர் மேபல் மெர்சர். 1900இல் இங்கிலாந்தில் பிறந்து, பாரிஸில் பாடி, நியூயார்க் வந்தவர். வயதான பின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பாடுவார். குரல் தேய்ந்து, ஏறக்குறையப் பேச்சாகிவிட்ட காலத்திலும் சொல் தேயவில்லை. வரியை எங்கே நிறுத்தி எங்கே தொடர்வது என்பதை அவரிடம் கற்றதாக ஃபிராங்க் சினாட்ராவே சொல்லியிருக்கிறார். அதே 1968இல் மெர்சரும் ஷார்ட்டும் டவுன் ஹாலில் சேர்ந்து பாடிய கச்சேரி இசைத்தட்டாகக் கிடைக்கிறது. ராக் இசை உச்சத்தில் இருந்த ஆண்டு அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம் மெல்லிசைக் குழுக்களில் டி.எம்.எஸ். குரலில் பாடுபவர் உண்டு. அமெரிக்காவிலும் சினாட்ரா போலத் தொப்பி சாய்த்துப் பாடுபவர்கள் உண்டு. அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது பாடியவருக்குச் செய்யும் மரியாதை. ஷார்ட்டுடையது எழுதியவருக்குச் செய்த மரியாதை. போர்ட்டருக்கு ஒன்று (1971), கெர்ஷ்வினுக்கு ஒன்று (1973), ராட்ஜர்ஸ்–ஹார்ட் இணைக்கு ஒன்று (1975) என்று ஆளுக்கொரு இசைத்தொகுப்பு வெளியிட்டார்.

இந்த வரிசையில் எனக்கு முக்கியமாகப் படுவது 1987இல் ஆண்டி ரசாஃபுக்கு அவர் செய்த தொகுப்பு. ரசாஃப் கறுப்பினப் பாடலாசிரியர், மடகாஸ்கர் அரச குடும்பத்து வழிவந்தவர். ஃபேட்ஸ் வாலர் இசையமைத்த 'ஹனிசக்கிள் ரோஸ்' பாட்டின் சொற்கள் இவருடையவை. பாட்டு எல்லோருக்கும் தெரியும், எழுதியவர் பெயர் பலருக்குத் தெரியாது.

ஷார்ட்டும் கறுப்பினத்தவர். 1924இல் இல்லினாய் மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில், பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தார். தாய் வீட்டு வேலை செய்தவர். பியானோவைத் தானே கற்றுக்கொண்டு, பெருமந்தக் காலத்தில் மதுக்கடைகளில் வாசித்து, பதினோரு வயதில் சிகாகோவுக்குத் தொழிலுக்குப் போன பையன். அந்தக் கதையை 1971இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அப்படி வந்தவர், வசதி படைத்தவர்கள் இரவு உணவுக்கு வரும் ஓர் அறையில், கச்சிதமான டின்னர் ஜாக்கெட்டில் அமர்ந்து, போர்ட்டரையும் கெர்ஷ்வினையும் பாடினார். அதே மூச்சில் ரசாஃப், வாலர், யூபி பிளேக், பில்லி ஸ்ட்ரேஹார்ன், டியூக் எலிங்டன் ஆகியோரையும் பாடினார். இவர்கள் வேறு, அவர்கள் வேறு என்று அறிவிக்கவில்லை. ஒரே பட்டியல், ஒரே பியானோ. எது செவ்வியல் என்பதை விமர்சகர்கள் மட்டுமா முடிவுசெய்கிறார்கள்? இரவுதோறும் எதைத் திரும்பப் பாடுகிறோம் என்பதும் முடிவுசெய்கிறது.

அவருடைய குரல் அழகான குரல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கரகரப்பானது, தொண்டைக்கட்டு அவரை அடிக்கடி படுத்தியது. முதன்முறை கேட்பவருக்கு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. மூன்றாவது பாட்டில்தான் சொற்கள் எனக்குக் கேட்கத் தொடங்கின.

எலிங்டனுக்கு நியூயார்க்கில் ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று 1970களின் இறுதியில் அவர் முயற்சி தொடங்கினார். பணம் திரட்ட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், வருடங்கள் ஓடின. 1997இல் ஐந்தாம் அவென்யூவும் 110ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், ஹார்லெமின் வாசலில், பியானோ அருகே எலிங்டன் நிற்கும் சிலை திறக்கப்பட்டது. ஷார்ட் அதன்பிறகும் ஏழு ஆண்டுகள் கார்லைலில் பாடினார். 2005 மார்ச் 21 அன்று, 80ஆம் வயதில் காலமானார்.